குட்டியைப் பார்த்து நாயை அளந்த கதை

பலாபத்வலையில் எமக்கு ஒரு தமக்கையார் இருக்கிறார். பிராயம் 70ஐக் கடந்தவர். மாத்தளையிலிருந்து அலுவிகாரையைத் தாண்டி வடக்கே செல்லும் யாழ்ப்பாண வீதியில் வருபவர்கள், பலாபத்வலையில் இறங்கி ஓர் ஒழுங்கை வழியே சிறிது தூரம் நடந்தால் அவருடைய வீட்டை அடையலாம். வீடு சரிவிலே அமைந்திருக்கிறது. ஒழுங்கைக்கும் முற்றத்துக்கும் இடையே 14 கற்படிகள். சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், நாலைந்து கொக்கோ மரங்கள், கிணற்றடியிலே ஒரு பலா. ஒரே மகன் கட்டாரில் தொழில் புரிகிறான். கணவர் காலமான பின்னர் அக்கா தனியே வாழ்ந்து வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சைக்குப் பின் தேறியவர். கைத்தடி இன்றி நடப்பதில்லை.

அந்தப் பகுதியிலே குரங்குகளின் தொல்லையை அறியாதார் இல்லை. பலாப்பிஞ்சு, கொக்கோக் காய், அடுக்களையில் மூடி வைத்த சோறு எதையும் அவை விட்டு வைப்பதில்லை. ஒருநாள் கூரை ஓட்டைப் பிரித்து ஒரு குரங்கு உள்ளே இறங்கிவிட்டது. மறுநாட் காலை அக்கா எம்மை அழைத்து, "தம்பி, எனக்கு ஒரு நாய்க்குட்டி பாத்துத் தா. கடுவனா இருக்கணும். ஆனா சின்னதாவே இருக்கணும். என்னைய இழுத்துக் கீழ போட்டுறக் கூடாது" என்று கேட்டுக்கொண்டார். கேட்டது இவ்வளவுதான். நாமும் "அதற்கென்ன, பார்த்துத் தருகிறோம்" என்று மிகச் சுலபமாகச் சொல்லிவிட்டோம். எமது அறிவின்மீது எமக்கிருந்த நம்பிக்கை அவ்வாறு சொல்ல வைத்தது.

ஆண் குட்டி கிடைப்பது எளிதன்று. எமது ஊர்களில் கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிச் செல்வோர் பலர். பெட்டைக் குட்டிகளோ சாக்கில் கட்டப்பட்டுச் சந்தையோரத்திலும் விகாரை வாசலிலும் விடப்படுகின்றன. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய வழக்கம் 2006ஆம் ஆண்டில் அரசாங்கக் கொள்கையால் நிறுத்தப்பட்டது. ஆயினும் பெட்டைகளுக்குக் கருத்தடை செய்விக்கும் சிரமத்தை ஏற்க எல்லா வீட்டாரும் இன்னும் முன்வரவில்லை. அதிர்ஷ்டவசமாக, எமது வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் கொக்கோ உலர்த்தும் கொட்டகையொன்றிலே ஒரு செந்நிற ஊர்நாய் 5 குட்டிகளை ஈன்றிருந்தது. அவற்றுள் மூன்று கடுவன்கள். கொட்டகைக்குரிய சிங்கள மாது நல்ல மனம் படைத்தவர். "ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள் மாத்தயா" என்றார்.

எந்த ஒன்றை எடுப்பது? இங்கேதான் ஊர் முழுவதும் ஆலோசனை கூறப் புறப்பட்டது. பாதம் பெரிதாயின் நாய் பெரிதாகும் என்றார் ஒருவர். கழுத்துத் தோல் தளர்ந்திருந்தால் அந்தத் தோல் நிறையும்வரை வளரும் என்றார் மற்றொருவர். நகங்களை எண்ணிப் பாருங்கள், 18 இருந்தால் சாதாரணம், 20 இருந்தால் வீரம் என்றார் வீதியோரம் இளநீர் விற்கும் பெரியவர். (நாயின் முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நான்கு நான்குமாக 18 நகங்கள் இருப்பதே பெருவழக்கு. சில நாய்களுக்குப் பின்காலிலும் ஒட்டுநகம் இருப்பதுண்டு. வீரத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரியவரிடம் நாம் இதைச் சொல்லவில்லை. அவரிடம் இளநீர் வாங்க வேண்டியிருந்தது.) தாயைப் பார்த்தோம். 15 கிலோவுக்கு மேற்படாத சாதாரண ஊர்நாய். தகப்பன் யார் என்று வினவினோம். கடைச் சந்தியில் சுற்றும் வெள்ளைச் சடைநாய், பொமரேனியன் கலப்பு, அதுதான் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். சிறிய தகப்பன், நடுத்தரமான தாய். மூன்று கடுவன்களில் மிகச் சிறிய, மெலிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சிறிய குட்டி சிறிய நாயாகும் என்பதைவிடத் தெளிவான நியாயம் வேறு உண்டோ?

குட்டிக்கு அப்போது 6 வாரம். மிளகு வாங்கும் நானாவின் கடைத் தராசில், அட்டைப் பெட்டியிலே வைத்து நிறுத்தோம். 1.6 கிலோ. அதன் உடன்பிறந்த கடுவன்களில் ஒன்று 2.2, மற்றது 2.5 கிலோ. ஒரு கணக்கு எமக்குத் தெரியும்: குட்டியின் நிறையை அதன் வயதின் வாரங்களால் வகுத்து, வரும் விடையை 52ஆற் பெருக்கினால் முதிர்ந்த நாயின் நிறை ஏறத்தாழக் கிட்டும் என்பது. அவ்விதம் செய்தோம். 13.9 கிலோ என்று வந்தது. நானா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மாஸ்டர், மொளகுன்னா ஈரத்துக்குக் கழிப்பேன். இதுல எதக் கழிக்கிறது?" என்று கேட்டார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அந்தக் கேள்வியில் இருந்த உண்மை பல மாதங்களுக்குப் பின்னரே எமக்கு விளங்கிற்று. அந்தக் குட்டியின் நிறையிலே கழிக்க வேண்டியதும் கூட்ட வேண்டியதும் உண்மையிலேயே இருந்தன.

அக்கா குட்டியை மடியில் வாங்கி, "அட, சிட்டுக் குருவி மாதிரியில்ல இருக்கு" என்றார். சிட்டு என்ற பெயர் அவ்வாறு நிலைத்தது.

நாய்க்குட்டி எவ்வாறு வளர்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பிறக்கும்போது அதற்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. மணமும் சூடுமே அதன் உலகம். 10 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கிறது. மூன்றாம் வாரமளவிற் காது திறக்கிறது. பிறந்த நிறை ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடிய காலத்திலேயே இரட்டிக்கிறது. மூன்றாம் வாரத்திற் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கி 28 ஆகின்றன. நாலாம் மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் நிறைந்துவிடுகின்றன. வீதியிலே கண்டெடுத்த குட்டியின் வயதை மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்துச் சொல்வது இதனால்தான். வயது தெரியாமல் அளவை மதிப்பிட முயல்வது வீண். 3 கிலோவுள்ள ஒரு குட்டி 7 வாரத்தினதாயின் அது ஒரு விதமான நாய். நாலு மாதத்தினதாயின் முற்றிலும் வேறு விதமான நாய்.

எல்லா நாய்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சிறிய இனங்கள் அவசரக்காரர்கள்; மூன்று நான்கு மாதத்திலேயே தம் இறுதி நிறையிற் பாதியை எட்டி, எட்டுப் பத்து மாதங்களிற் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. பெரிய இனங்களோ ஐந்து ஆறு மாதத்திற்றான் பாதியை அடைகின்றன. ஒன்றரை வயது வரையிலும், மாஸ்டிவ் போன்ற இராட்சத இனங்கள் இரண்டு வயது வரையிலும்கூட வளர்கின்றன. நாம் கையாண்ட வகுத்தற் கணக்கின் குற்றம் இதுவே. நாய் ஓராண்டுக் காலம் ஒரே சீராகக் கூடிக்கொண்டு போகும் என்று அது எண்ணிக்கொள்கிறது. எந்த நாயும் அப்படி வளர்வதில்லை. நாலு மாதத்து நிறையை இரட்டித்துப் பார்க்கும் மற்றொரு கணக்கு உண்டு. நடுத்தர நாய்களுக்கு அது ஓரளவு பொருந்தும். சிறியவற்றுக்கு மிகையாகவும் பெரியவற்றுக்குக் குறைவாகவும் சொல்லும். நாயின் அளவு முன்கூட்டியே தெரிந்தாற்றான் அளவைச் சொல்லும் கணக்குப் பொருந்தும் என்பது வேடிக்கையன்றோ?

இங்கிலாந்திலுள்ள வோல்தம் ஆராய்ச்சி நிலையத்தார் 2017ஆம் ஆண்டில் நாய்க்குட்டிகளுக்கான வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டார்கள். தாய் சேய் நிலையங்களிற் குழந்தைகளுக்கு நிறை குறிக்கும் அட்டைகளை எமது தாய்மார்கள் நன்கறிவர். அவற்றைப் போன்றவையே இவையும். அமெரிக்க மிருக வைத்தியசாலைகளிற் பதிவான ஆரோக்கியமான நாய்களின் நிறைகளைக் கொண்டு, முதிர்ந்த நிறை 40 கிலோ வரையிலான நாய்களை ஐந்து வகுப்புகளாக்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே வரைந்திருக்கிறார்கள். நல்ல சுகமுள்ள குட்டி ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் அதை விட்டு அதிகம் விலகாது மேலேறும். கோட்டைத் தாண்டி மேலேயோ கீழேயோ சென்றால் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த வரைபடங்கள் 12ஆம் வாரத்திலிருந்தே தொடங்குகின்றன. நாமோ 6ஆம் வாரத்திலேயே தீர்ப்பெழுதி, அதைத் தமக்கையாரின் மடியிலும் வைத்துவிட்டோம்.

6ஆம் வாரத்துக் குட்டியின் நிறை அதன் எதிர்காலத்தைச் சொல்வதில்லை. எந்த முலைக்காம்பு அதற்குக் கிடைத்தது, எத்தனை குட்டிகளோடு அது போட்டியிட்டது, வயிற்றில் எத்தனை பூச்சிகள் இருந்தன என்பவற்றையே சொல்கிறது. வட்டப்புழு என்னும் குடற்பூச்சி தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியின் உடலிற் புகுந்துவிடுகிறது. பிறந்தபின் பால் வழியாகவும் செல்கிறது. விலாவெலும்பு தெரிய மெலிந்து, வயிறு மட்டும் பானைபோல் உப்பிய குட்டிகளை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். சிட்டுவின் வயிறும் அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்து நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று நாம் மகிழ்ந்தோம்! மறுவாரம் மாத்தளையில் மிருக வைத்தியர் பூச்சிமருந்து கொடுத்தார். அன்றிரவு வெளியேறியவற்றைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதுவது பண்பாகாது.

அதன் பின்னர் குட்டி வளரத் தொடங்கிற்று. 8ஆம் வாரம் 2.6 கிலோ. 12ஆம் வாரம் 5.9. 16ஆம் வாரம் 9.6. நானாவின் கணக்குப் புத்தகத்திலே மிளகு, சாதிக்காய், கராம்பு விலைகளின் ஓரத்தில் இந்த இலக்கங்களும் ஏறின. 16ஆம் வாரத்தில் நாம் மீண்டும் பென்சிலை எடுத்தோம். இரட்டிக்கும் கணக்கு 19.2 என்றது. வகுத்துப் பெருக்கும் கணக்கு 31.2 என்றது. பழைய 13.9 எங்கோ போய்விட்டது. இவற்றுள் எதை அக்காவிடம் சொல்வது? எதையும் சொல்லவில்லை. அதுதான் நாம் செய்த இரண்டாவது பிழை.

தகப்பனைப் பற்றிய சந்தேகமும் அப்போதுதான் எமக்கு எழுந்தது. சிட்டுவின் கால்கள் நீண்டன. முகவாய் நீண்டது. ஐந்தாம் மாதத்திற் காதுகள் நிமிர்ந்து நின்றன. காது நிமிர்ந்ததை மட்டும் கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை. ஊர்நாய்கள் பலவற்றுக்கும் நிமிர்ந்த காதே. ஆயினும் முதுகிலே படர்ந்த கருமையும், தாழ்ந்து தொங்கிய அடர்ந்த வாலும் பொமரேனியனைச் சுட்டவில்லை. மேலே தோட்டப்புறத்து வீடொன்றில் ஓர் அல்சேஷன் இருப்பதும், அதன் சங்கிலி அவ்வப்போது அறுந்துவிடுவதும் பிற்பாடு தெரிந்தன. வெள்ளைச் சடைநாயைத் தகப்பனென்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அதை அவர்கள் கண்டார்கள், மற்றதைக் காணவில்லை. பெட்டை நாய் பல நாட்கள் இணைசேரும் நிலையிலிருக்கும். அந்நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேர்ந்தால், ஒரே ஈற்றிலே வெவ்வேறு தகப்பன்மாரின் குட்டிகள் பிறப்பது இயற்கையே. உடன்பிறந்த குட்டியொன்று இன்று அடுத்த ஒழுங்கையில் வெண்சடையோடு, குட்டைக் கால்களோடு குலைத்துக்கொண்டிருக்கிறது. அது அன்று 2.5 கிலோ நிறையோடு முதலிடத்தில் நின்றது. பெரியது என்று நாம் ஒதுக்கியது அதைத்தான்!

நாயின் பருமனைப் பற்றிய இரகசியங்கள் சில அண்மைக் காலத்திலேயே வெளிவந்தன. உலகத்திலுள்ள நாய்களெல்லாம் ஓநாய் வழி வந்த ஒரே இனமாயிருந்தும், கைப்பையில் அடங்கும் சிவாவா முதல் மனிதனைவிடக் கனத்த மாஸ்டிவ் வரை இத்தனை வேறுபாடு எவ்வாறு வந்தது? தரைவாழ் பாலூட்டிகளில் வேறெந்த இனத்திலும் இவ்வளவு அகன்ற வித்தியாசம் இல்லை. 2007ஆம் ஆண்டில் நாதன் சட்டர், எலைன் ஒஸ்ட்ராண்டர் முதலிய ஆராய்ச்சியாளர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு விடையை வெளியிட்டனர். பெரியதும் சிறியதுமாகப் பிறக்கும் போர்த்துக்கேய நீர்நாய் என்னும் ஓரினத்தை ஆராயத் தொடங்கியவர்கள், வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎப்1 என்னும் சுரப்பின் மரபணுவிலே சிறிய நாய்களுக்குப் பொதுவான ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். சிறிய உடலைத் தருவது மனிதன் நாயை வளர்த்துப் புதிதாகத் தோற்றுவித்த மாற்றமாயிருக்கும் என்றே பலரும் எண்ணினர். 2022இல் வந்த மற்றொரு ஆராய்ச்சி அதைத் தலைகீழாக்கிற்று. சைபீரியாவிற் கிடைத்த 54,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓநாயொன்றின் எச்சத்திலேயே சிறிய உடலுக்குரிய அந்த மரபணு வடிவம் இருந்தது. மனிதன் நாயை அடக்கி வளர்ப்பதற்கு மிகமிக முன்னரே சிட்டுக்களும் சிங்கங்களும் ஓநாயின் இரத்தத்தில் ஒருங்கே உறங்கியிருந்தன போலும்.

மனிதன் தேர்ந்து பெருக்காமல் தம் போக்கில் இனம் பெருகும் ஊர்நாய்கள், தேசம் எதுவாயினும் பெரும்பாலும் நடுத்தர அளவிலேயே நிற்பதை நாம் காண்கிறோம். எச்சிற் சோற்றையும் சந்தைக் கழிவையும் உண்டு வெயிலிலே வாழ அவ்வளவே வசதி. எனவே தாயும் தகப்பனும் ஊர்நாயாயின் குட்டியின் அளவைச் சொல்லப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. இடையிலே ஒரு சங்கிலி அறுந்தாற்றான் சாத்திரமெல்லாம் பொய்த்துப் போகிறது.

பாதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறோம். எலும்பு அதன் நுனிகளுக்கருகேயுள்ள மெல்லிய குருத்தெலும்புத் தட்டுகளிலே வளர்கிறது. வளர்ச்சி முடிந்ததும் அந்தத் தட்டுகள் எலும்பாகி மூடிக்கொள்கின்றன. உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே காலத்தில் ஓடுவதில்லை. நாலைந்து மாதத்திலே பாதமும் காதும் காலும் முந்திக்கொண்டு ஓட, மார்பும் தலையும் பின்தங்கி நிற்கும். அந்தப் பருவத்தில் எந்தக் கலப்புக் குட்டியும், தமையனின் சப்பாத்தை மாட்டிக்கொண்ட பள்ளிச் சிறுவனைப் போலவே தோற்றமளிக்கும். பெரிய இனக் குட்டிகளுக்குப் பெரிய பாதம் உண்டென்பது மெய்யே. ஆனால் தனித்த ஒரு குட்டியின் பாதத்தை மட்டும் பார்த்து ஆரூடம் சொல்வது, இளநீர்ப் பெரியவர் நகம் எண்ணுவதற்கு மிகத் தூரமில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் அக்கா அடிக்கடி கேட்பார். நிறையத் தின்றால் நாய் பெரிதாகிவிடுமோ என்ற பயத்தில், ஒரு சமயம் சோற்றைக் குறைக்கவும் தொடங்கினார். வைத்தியர் அதைக் கண்டித்தார். உணவு மரபணு வகுத்த எல்லையைத் தாண்டி எலும்பை நீட்டாது; மிகுந்தது கொழுப்பாகும். குறைந்தால் குட்டி கெட்டுப்போகும். வெறும் சோறும் பருப்புக் குழம்பும் குட்டிக்குப் போதா. எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே ஊட்டினாற் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் வளையும். அதற்கு அஞ்சிப் பெரிய இனக் குட்டிக்குக் கல்சியம் மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தாலும் எலும்பு கெடும். அக்கா வீட்டில் வேறொரு ஆபத்தும் இருந்தது. கொக்கோ விதையிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. மாத்தளைப் பக்கத்தில் முற்றத்துப் பாயிலே கொக்கோ விதை காய்வது சாதாரணக் காட்சி. குட்டியோ கண்டதையெல்லாம் கடிக்கும். அந்த ஆண்டு அக்கா கொக்கோ விதையை உயரமான பரணிலே காயவைத்தார். குரங்குகளுக்கு அது மிகவும் வசதியாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் நிறைந்தபோது சிட்டு 16.4 கிலோ இருந்தது. அதற்கு இரண்டு வாரங்களின் பின் ஒருநாட் காலை, அக்கா அதன் கயிற்றைக் கையிலே சுற்றிக்கொண்டு படிகளில் இறங்கியிருக்கிறார். மதிலின்மேல் ஒரு குரங்கு தோன்றிற்று. சிட்டு பாய்ந்தது. எதற்காக அதை வளர்த்தோமோ அதையே அது செய்தது. அக்கா மூன்று படிகள் உருண்டு விழுந்தார்.

செய்தி கேட்டு நாம் ஓடியபோது, அவர் கீழ்ப்படியிலே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைத்தடி முற்றத்திலே கிடந்தது. நாய் அவருடைய மடியிலே தலையை வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. வைத்தியசாலைக்குப் போகும் வழியெல்லாம், முச்சக்கர வண்டியின் ஒவ்வொரு குலுக்கத்திலும், அந்தப் பழைய இடுப்பெலும்பைப் பற்றியே நினைத்தோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்புக்கு ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டில் மட்டும் மெல்லிய வெடிப்பு. "எப்படி விழுந்தீங்க?" என்று தாதி கேட்டபோது அக்கா, "கால் பெசகிருச்சு" என்றார். நாம் பக்கத்தில் நின்றோம். நாயைப் பற்றி ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை.

மகன் அன்றிரவே கட்டாரிலிருந்து பேசினான். "மாமா, அம்மா சின்ன நாய்தானே கேட்டாங்க? நீங்கதானே பாத்து எடுத்துக் குடுத்தீங்க?" அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எமக்கு ஏதேனும் விடை தோன்றியிருக்கும்.

மறுநாள் சிட்டுவை எமது வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதுவே நியாயமான காரியம் என்று இல்லாளும் சொன்னார். இரவு முழுவதும் அது கதவருகே நின்றது. விடியற்காலையிற் கதவு திறந்த கணமே காணாமற் போயிற்று. போய்ப் பார்த்தால் அக்காவின் 14ஆம் படியிலே படுத்திருந்தது. மறுபடியும் கொண்டுவந்தோம், மறுபடியும் போயிற்று. மூன்றாம் நாள் அக்கா கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று, "தம்பி, அதை அலைக்கழிக்காத. எனக்கும் ராத்திரியில தூக்கம் வரல" என்றார். சிறிய நாய் வேண்டுமென்று கேட்டவர் அவர். பெரிய நாயைக் கொடுத்தவர் நாம். இப்போது அதை விடமாட்டேன் என்பவரும் அவரே. எமது பிழைக்குரிய பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துச்செல்ல எமக்கு உரிமை இருந்ததா? மகனோடு நெடுநேரம் பேசினோம். அவன் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான்: அம்மாவின் கையிலே இனி ஒருபோதும் கயிறு இருக்கக்கூடாது.

ஆகவே, பலாவிலிருந்து கமுகு வரை உயரத்தில் ஒரு கம்பி கட்டினோம். அதில் ஒரு வளையத்தை ஓடவிட்டு, அதிலே சங்கிலியைப் பூட்டினோம். முற்றத்தின் இருபுறமும் ஓடிக் குரங்குகளை அதட்டலாம். படிகளை மட்டும் அடைய முடியாது. காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்வது எமது பொறுப்பு. இரவிற் சங்கிலி இல்லை, கேற்றுக்குப் பூட்டு. படியருகே வந்தால் உட்கார வேண்டும் என்று பழக்கினோம். கருவாட்டுத் துண்டுகளின் உதவியால் ஒன்பது நாட்களிற் கற்றுக்கொண்டது. நாம் ஒரு சூத்திரத்தின் குற்றத்தை உணர ஆறு மாதம் எடுத்ததை எண்ண, சற்று வெட்கமாகவும் இருந்தது.

காயடிப்பதைப் பற்றி வைத்தியரிடம் ஆலோசித்தோம். எலும்புநுனித் தட்டுகள் மூடுவதற்குப் பாலியற் சுரப்புகளும் துணை செய்கின்றன என்றும், மிக இளமையிற் காயடித்தால் தட்டுகள் தாமதித்து மூடிக் கால் சற்று நீளக்கூடும் என்றும், பெரிதாக வளரக்கூடிய இந்த நாய்க்கு ஒரு வயது வரை பொறுக்கலாம் என்றும் அவர் சொன்னார். விசர்நாய்க்கடியால் உண்டாகும் மரணங்கள் இலங்கையில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆகையால் தடுப்பூசியை மட்டும் ஒருநாளும் தவறவிட வேண்டாம் என்றார். அவ்வாறே செய்தோம். சிட்டுவுக்கு ஓராண்டு நிறைந்த மறுமாதம் காரியம் முடிந்தது. பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலே கட்டுவோர் மலிந்த ஊரில், நாமறிந்த ஒரு தகப்பனாவது குறைந்தான்.

சென்ற மாதம் நானாவின் கடைக்கு அதை அழைத்துச் சென்றோம். இப்போது பெட்டியில் அடங்குவதில்லை. கடைப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு மேடைத் தராசில் ஏறி நிற்பான். பின் பையனைத் தனியே நிறுத்து அதைக் கழிப்போம். கழிக்க ஒன்று கிடைத்ததில் நானாவுக்கு மிகுந்த திருப்தி. 23.5 கிலோ. முந்திய மாதமும் அதே 23.5. வயது 14 மாதம். எமது முதற் கணக்கை இது ஏறத்தாழ 10 கிலோவால் மீறிவிட்டது. நானா புத்தகத்தைப் புரட்டி, கராம்பு விலையின் ஓரத்திலிருந்த 1.6ஐ எமக்குக் காட்டினார்.

திரும்பி வரும்போது அக்கா மேற்படியில், கைத்தடியை மடியிற் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழ்ப்படியை அடைந்ததும் நாய் உட்கார்ந்தது. அவர் "வா சிட்டு" என்று அழைக்கும்வரை அசையவில்லை.